பணிவின் உரைகல்: சரித்திர நாடகங்களிலே அரசும் பத்தியும்

நமது சைவ வித்தியாசாலைகளிலே நவராத்திரிக் காலத்தினும் பரிசளிப்பு விழாவினும் மாணாக்கர் நாடகம் நடித்தல் வழக்கமாயிருக்கின்றது. அந்நாடகங்களுள் அரசர் கதைகள் பல. மகுடமும் வாளும் சிறுவர்க்கு மிக்க விருப்பந் தருவனவாதலின் உபாத்தியாயர்களும் அவற்றையே தெரிந்தெடுக்கின்றனர். அரசனாக வேடம் பூண்ட சிறுவன் ஈற்றிலே சுவாமி திருமுன் வீழ்ந்து வணங்குகின்றான், சபையோர் கைகொட்டுகின்றனர், திரை வீழ்கின்றது. அவ்வணக்கம் மெய்யான பணிவோ, அன்றி அரசன் பூண்ட ஆபரணங்களுள் அதுவும் ஒன்றோ என்னும் வினாவை நம்மிற் பலர் மாணாக்கர்முன் வைப்பதில்லை. அவ்வினாவை வைக்கும் முறைமையைக் குறித்துச் சில கூறுதலே ஈண்டு நமது நோக்கமாகும்.

நாம் இளமையிலே கிறிஸ்தவ மிசன் பாடசாலையொன்றிற் கற்றோம். ஆங்கே இங்கிலாந்து தேசத்துச் சரித்திர நாடகங்களை வரிவரியாக ஓதினோம். வீட்டிலே பெரியபுராணக் கதைகளை மூத்தோர் வாயிலாகக் கேட்டோம். அவை இரண்டும் ஒன்றையொன்று அறியாதனவாய் நெடுங்காலம் நம்முள்ளத்திற் கிடந்தன. ஆசிரியத் தொழிலிற் புகுந்த பின்னரே ஒன்றை விளக்குதற்கு மற்றொன்று துணையாமென்பது புலனாயிற்று. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்களும் மிசன் பாடசாலையிலே கற்றும் கற்பித்தும் பெற்ற பயிற்சியை, 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே தாம் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலைக்கு உபகாரமாக்கினார்களன்றோ? பிறர் நூலை நன்கறிதல் நம் நூலைக் கைவிடுதலாகாது.

அதிகாரமுடையான் ஒருவன் பணிவதை நாடகத்திலே காணுமிடத்து, மாணாக்கர் நான்கு வினாக்களை வினவப் பழகுதல் வேண்டும். எப்பொழுது பணிந்தான்? யார்முன் பணிந்தான்? எப்பயன் கருதிப் பணிந்தான்? பணிந்தபின் யாது செய்தான்? இந்நான்கும் பணிவுக்கு உரைகல்லாம். ஒவ்வொன்றையும் ஓர் உதாரணத்தால் விளக்குவாம்.

1. எப்பொழுது?

சேக்ஸ்பியரும் ஜோன் பிளெச்சரும் சேர்ந்தியற்றியதென ஆராய்ச்சியாளர் கொள்ளும் 'எட்டாம் ஹென்றி' என்னும் நாடகத்தை முதற்கண் எடுத்துக்கொள்வாம். 1613ஆம் ஆண்டு ஜூன் மாதம் 29ஆந் திகதி இந்நாடகம் நடிக்கப்பட்டபொழுது, அரசன் வருகையைக் குறித்து வெடித்த பீரங்கியின் நெருப்புப் பட்டுக் 'குளோப்' என்னும் நாடகசாலையின் கூரை பற்றியெரிந்து சாலை முழுதும் சாம்பராயிற்று. அரசனது ஆடம்பரத்தைக் காட்டப் புகுந்த கருவியே அரங்கை எரித்ததென்னும் இச்செய்தியைக் கூறிப் பாடத்தைத் தொடங்கின் சிறுவர் செவிசாய்ப்பர்.

இந்நாடகத்திலே வரும் தோமஸ் வூல்சி என்பவர் இப்சுவிச்சு என்னும் ஊரிலே எளிய குடும்பத்திற் பிறந்தவர். இறைச்சி விற்பவர் ஒருவரின் புதல்வர் என்பது வழக்கு. கல்வியாலும் ஊக்கத்தாலும் உயர்ந்து, 1515ஆம் ஆண்டில் கர்தினால் பதவியையும் இராச்சியத்தின் பிரதம நீதிபரிபாலனப் பதவியையும் ஒருங்கே பெற்றார். குருத்துவமும் மந்திரித்துவமும் ஒருவர் கையில் அமைந்தன. கதரீன் அரசியை அரசன் நீக்குதற்குப் பாப்பரசரின் இசைவைப் பெற்றுக்கொடுக்க இயலாமையால் 1529ஆம் ஆண்டிற் பதவியிழந்தார்; அடுத்த ஆண்டு இராசத்துரோகக் குற்றஞ் சாட்டப்பட்டு லண்டனுக்குக் கொண்டுபோகப்படும் வழியில், நவம்பர் 29ஆந் திகதி லெஸ்டர் மடத்திலே மரித்தார். தாம் அரசனுக்குச் செய்த ஊழியத்தைப் போலக் கடவுளுக்குச் செய்திருப்பின் முதுமையிற் கைவிடப்பட்டிரேன் என அவர் மரணத்தறுவாயில் இரங்கினார் என்று அவர்பால் ஊழியஞ்செய்த ஜோர்ஜ் கவென்டிஷ் எழுதிய சரிதம் கூறுகின்றது. நாடகாசிரியர் அவ்விரக்கத்தை மரணப் படுக்கையினின்றும் எடுத்து, பதவியிழந்த காட்சியிலேயே அமைத்தனர். சரித்திரம் வேறு, நாடகம் வேறு என்பதை மாணாக்கருக்குக் காட்டுதற்கு இஃதோர் ஏற்ற இடமாம்.

அக்காட்சியிலே வூல்சி தம் ஊழியராகிய குரொம்வெல்லை நோக்கிப் பேராசையை விட்டொழிக்கும்படி புத்தி கூறுகின்றார். அதே காட்சியிற்றானே மூன்று செய்திகள் வருகின்றன: தோமஸ் மோர் அப்பதவியைப் பெற்றார்; கிரன்மர் பேராயராயினார்; ஆன் போலின் அரசியாயினாள். நாடகம் இதற்குமேல் யாதுங் கூறவில்லை. ஆனால் அதனைப் பார்த்திருந்தோர் எஞ்சியதை அறிவர். மோர் 1535இலும், ஆன் 1536இலும், புத்திகேட்ட குரொம்வெல் 1540இலும் சிரச்சேதஞ் செய்யப்பட்டனர். கிரன்மர் 1556இல் எரிக்கப்பட்டார். ஏறுவோர் நால்வர் பெயரும் இறங்குவோன் ஒருவன் செவியில் விழுகின்றன. ஏறுவோருக்கும் முடிவு அதுவே.

வூல்சியின் பணிவு பொய்யென நாம் கூறோம். அவர் மரித்தபின் அவரது குற்றங்களைக் கதரீன் அரசி எடுத்துரைப்ப, அவளது ஊழியனாகிய கிரிபித் அவர் கல்விக்குச் செய்த உபகாரங்களை எடுத்துரைத்து, வீழ்ச்சியிலேதான் அவர் தம்மை அறிந்தாரெனக் கூறுகின்றான். அரசியும் அதனை ஏற்றுக்கொள்கின்றாள். ஆயினும் எப்பொழுது என்னும் வினாவுக்கு விடை, இழந்தபின் என்பதே. கையில் யாதுமில்லாதவன் கைகூப்புதல் எளிது. கையில் முத்திரைக்கோல் இருந்த காலத்தில் அவர் வாயிலிலே காத்து நின்ற எளியோரை எவ்வாறு நோக்கினார் என்பதே பெருவினா.

2. யார்முன்?

இரண்டாவது உதாரணம் 'ஐந்தாம் ஹென்றி.' இஃது 1599ஆம் ஆண்டளவில் அரங்கேறியது. 1415ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆந் திகதி அசின்கோட் போர்க்களத்திலே பிரான்சியப் பெருஞ்சேனையைச் சிறுசேனையால் வென்ற அரசன், இவ்வெற்றி தன்னுடையதன்று, கடவுளுடையதே என்கின்றான், வெற்றியைப் பேசித் தற்புகழ்வோனுக்கு மரணதண்டனை என்று பறைசாற்றுவிக்கின்றான், தோத்திரகீதம் பாடுவிக்கின்றான். வூல்சியைப்போல இழந்தபின் பணியாது, வென்று நிற்கும்பொழுதே பணிகின்றமையின் முதல் வினாவில் இவன் தேறினான்.

இரண்டாவது வினாவிலே தடை நேர்கின்றது. அதே அரசன் அதே களத்திலே பிடிபட்ட கைதிகளைக் கொல்லும்படி கட்டளையிடுகின்றான். நாடகம் இதனை மறைக்கவில்லை. போருக்கு முந்திய இரவிலே அவன் தன் தந்தை முறைதவறி முடிகவர்ந்த பாவத்தை நினைந்து நடுங்கிப் பிரார்த்திப்பதையும் அது மறைக்கவில்லை. ஆனால் உலகயுத்தக் காலமாகிய 1944ஆம் ஆண்டில் லோரன்ஸ் ஒலிவியர் இந்நாடகத்தைத் திரைப்படமாக்கியபொழுது கைதிகளைக் கொல்லுங் கட்டளை விடப்பட்டது, தோத்திரகீதம் நின்றது. போர்க்காலத்துச் சனங்களுக்கு அவ்வாறு காட்டுதல் ஏற்றதெனக் கருதினர் போலும். கதையிலே எதனைக் குறைக்கின்றோமென்பது நாம் எத்தகைய பணிவை விரும்புகின்றோமென்பதைக் காட்டிக்கொடுக்கும். இதனை ஆசிரியர்கள் நினைவில் வைத்தல் வேண்டும். இக்கட்டுரையின் பிற்பகுதியிலே நாமும் இதற்கு விடைகூற வேண்டியவராவோம்.

இதனைக் கேட்டு, அந்நியர் பத்தி இத்தகையதென்று நம் மாணாக்கர் இகழ்வராயின், அவர்களைத் தஞ்சைப் பெருங்கோயிலுக்கு அழைத்துச் செல்க. அக்கோயிலை எடுப்பித்த முதலாம் இராசராச சோழன் சிவபாதசேகரன் என்னும் பெயர் பூண்டான். சிவபெருமான் திருவடியைத் தன் முடிமேற் கொண்டவன் என்பது அதன் பொருள். தான் கொடுத்தவற்றோடு தன் தமக்கையாரும் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றையுங் கல்லிலே வெட்டுவித்தமை அவன் பெருந்தன்மைக்குச் சான்று. பிற்காலத்தே இரண்டாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டொன்று, அக்கோயிலிலே வைகாசித் திருவிழாவில் இராசராசேசுவர நாடகம் நடித்தற்கு ஆண்டொன்றுக்கு 120 கலம் நெல் விதிக்கின்றது. அரசன் பெயராலமைந்த கோயிலின் பெயர் தாங்கிய நாடகம் ஈசுவரன் சந்நிதியில் நடித்துக் காட்டப்பட்டது. நூல் இன்று கிடைத்திலது. அதே கோயிற் கல்வெட்டுக்களிலே, சோழர் படை வென்ற இவ்வீழநாட்டு ஊர்கள் சில அக்கோயிலுக்கு இறுக்க வேண்டிய நெல்லும் காசும் எழுதப்பட்டிருக்கின்றன. திருவடியை முடிமேற் கொண்டவனும் பிறர் நாட்டு நெல்லைக் கொண்டவனும் ஒருவனே. இதனாற் பெருங்கோயிலின் பெருமை குன்றாது. வென்றவன் பத்தி எத்தேசத்தும் வாளோடு கலந்தே நிற்குமென்பதும், கடவுள்முன் பணிதலால் மாத்திரம் ஒருவன் மனிதர்முன் பணிந்தவனாகான் என்பதும் மாணாக்கருக்குத் தெளிவாகும்.

3. எப்பயன் கருதி?

பணிவும் ஒரு பயன் கருதிச் செய்யப்படலாம். இதனை நுணுகி ஆராய்ந்த நாடகம், ரி. எஸ். எலியட் இயற்றி 1935ஆம் ஆண்டு கன்ரபெரித் தேவாலயத்தை அடுத்த மண்டபத்தில் அரங்கேறிய 'தேவாலயத்திற் கொலை' என்பது. தோமஸ் பெக்கெற் என்பார் முன்னர் இரண்டாம் ஹென்றி அரசனின் மந்திரியும் நண்பருமாயிருந்து, 1162ஆம் ஆண்டிற் பேராயராகி, திருச்சபையின் உரிமைபற்றி அரசனோடு மாறுபட்டு, 1170ஆம் ஆண்டு திசெம்பர் 29ஆந் திகதி தேவாலயத்தினுள்ளேயே வீரர் நால்வராற் கொல்லப்பட்டார். அந்நாடகத்திலே அவரை மயக்குவோர் நால்வர் வருகின்றனர். இன்பம், அரசபதவி, பிரபுக்களின் துணை என்பவற்றை முதல் மூவர் காட்ட, அவற்றை அவர் எளிதில் நீக்குகின்றார். நான்காமவன் காட்டுவது யாது? தியாகியாக இறந்தால் வரும் அழியாப் புகழ். கல்லறையை உலகம் வந்து வணங்கும் பெருமை. இதுவே அவரைத் திடுக்கிடச் செய்கின்றது. ஏனெனில் அவ்வாசை அவர் உள்ளத்தில் முன்னரே இருந்தது. தாழ்வாலே உயர்வு பெற நினைத்தல் செருக்கின் கடைசி வேடமென அந்நாடகம் காட்டுகின்றது. கொலைக்குப்பின், அரசன் ஹென்றியும் 1174ஆம் ஆண்டில் வெறுங்காலுடன் நடந்து அக்கல்லறைக்குச் சென்று துறவிகள் கையாற் கசையடி ஏற்றான். அப்பொழுது அவனுக்கு எதிரே கலகங்கள் மூண்டிருந்தனவென்பதையும் சேர்த்துக் கூறி, அவன் கருதிய பயன் யாதென மாணாக்கரை ஆராயவிடுக.

நம் மெய்ப்பொருணாயனார் சரித்திரம் இதற்கு மறுதலையாக நிற்பது. போரில் வெல்ல இயலாத முத்தநாதன் திருநீறு பூசிச் சிவனடியார் வேடந் தாங்கி, புத்தகக் கட்டினுள்ளே வாளை மறைத்து வந்தான். அரசர் அவனை உயர்ந்த ஆசனத்திருத்தித் தாம் நிலத்திருந்தார். அவன் கருதியதைச் செய்தபொழுது, வாளுருவிய மெய்காவலன் தத்தனைத் தடுத்து, அவ்வேடத்தானை ஊறின்றி ஊரெல்லை கடத்தும்படி பணித்தார். அரசர் விவேகமற்றவரோ எனப் பிள்ளைகள் கேட்பர்; கேட்டல் நன்று. வேடத்துக்குச் செய்த வணக்கத்தின் விலையை அவர் தம் உயிராற் கொடுத்தார். பிறர் உயிராற் கொடுத்திலர். அசின்கோட் அரசனின் தோத்திரத்துக்கு விலைகொடுத்தோர் யாவர் என இவ்விடத்து ஒப்பிட்டு வினவுக. இருவகை வேடமும் ஒரே மண்டபத்தில் எதிரெதிரே இருந்த இச்சரிதத்தைப் போலப் பணிவின் மெய்யும் பொய்யும் விளக்கும் பாடம் வேறு கிடைத்தல் அரிது.

4. பணிந்தபின் யாது செய்தான்?

இனிச் சேரமான்பெருமாணாயனார் சரித்திரம். முடிசூடிய அரசர் யானைமேல் நகர்வலம் வருகையில், உவர்மண் பொதியைச் சுமந்துவந்த வண்ணார் ஒருவரைக் கண்டார். மழையில் மண் கரைந்தொழுகி உலர்ந்தமையால் அவர் மேனி வெளுத்திருந்தது. திருநீறு பூசிய அடியவரெனக் கொண்டு அரசர் யானையினின்றும் இறங்கி வணங்கினார். அவரோ அஞ்சி நடுங்கித் தாம் வண்ணாரெனக் கூறி விழுந்தார்.

பல்லாண்டுகளுக்கு முன்னர், நாம் இளம் உபாத்தியாயராயிருந்தபொழுது, ஒரு வித்தியாசாலையிலே இதனை நாடகமாக்கினோம். அரசன் வேடத்துக்குப் போட்டி மிகுந்தது. ஊரிற் செல்வாக்குடைய ஒருவரின் மகனுக்கு அதனைக் கொடுத்தோம். வண்ணார் வேடத்தை எச்சிறுவனும் ஏற்க உடன்படவில்லை. ஈற்றிலே, மறுத்துரைக்கும் நிலையில்லாத ஒரு சிறுவனுக்கு, ஊரவர் தாழ்த்தி வைத்த குடும்பத்திற் பிறந்தவன் என்னும் காரணத்தால், அதனைக் கொடுத்தோம். அக்காரணத்தை நாம் வாய்விட்டுக் கூறவில்லை, கூறவேண்டியிருந்ததுமில்லை. நேரங் குறுகியதென்று கருதி, அரசன் வணங்கும் காட்சியோடு திரை விழும்படி கதையைச் சுருக்கினோம்.

ஒத்திகையின்போது அச்சிறுவன் கேட்டான்: "ஐயா, அரசன் திருநீறென்று நினைத்தல்லவா கும்பிட்டான்? அது உவர்மண் என்று தெரிந்த பிறகு என்ன செய்தான்?"

நேரம் போதாதென்று விடைகூறினோம். நாடகம் நன்றாக நடந்தது. பின்னர் மண்டபத்தினுள்ளே சிற்றுண்டி வழங்கப்பட்டது. அரசனும் மந்திரிகளும் உள்ளிருந்து உண்டனர். அச்சிறுவன் மேனியிற் பூசிய வெள்ளையைக் கழுவாமலே தாழ்வாரத்தின் புறத்தே நின்றான். எவரும் அவனை விலக்கவில்லை, எவரும் அழைக்கவுமில்லை. நாமும் கண்டு நின்றோம், அழைத்திலோம்.

அவன் கேட்ட வினாவே அச்சரிதத்தின் உயிர்நிலை. திருநீறென்று நினைந்து வணங்குதல் பத்தியுடைய எவ்வரசருக்கும் கூடும். அன்றெனத் தெரிந்தபின் யாது செய்தார்? வெகுண்டிலர், வெட்கினாருமல்லர், செய்த வணக்கத்தை மீட்டுக்கொண்டாருமல்லர். தாமும் ஓர் அடியவரே, சேரனென்னும் பெயருடையவர் எனக் கூறி, திருநீற்றை நினைப்பித்த உபகாரத்தைச் சொல்லி, வருந்தாது செல்லும்படி அவ்வண்ணாரை விடுத்தார். மயக்கம் நீங்கியபின்னும் நின்ற பணிவே பணிவு. சேக்கிழார் சுவாமிகள் தாமும் சோழனது மந்திரியாயிருந்து அரசரது இயல்பை அணுக அறிந்தவர். அவர் விடாது வைத்த அவ்விடையை, நேரங் கருதி நாம் விட்டோம். கைதிகளை மறைத்த திரைப்படக்காரரை நாம் எங்ஙனம் குறைகூறுவது?

ஆசிரியர்களுக்குச் சில விண்ணப்பங்கள்

முதலாவது, நாடகத்துக்கு வேடம் வகுக்கும்பொழுது பிறப்பும் செல்வமும் நோக்காது, சீட்டெடுத்தோ முறைமாற்றியோ வகுக்க. இன்று அரசனாயிருந்தவன் நாளை ஒத்திகையில் வண்ணாராகவும், வண்ணாராயிருந்தவன் அரசனாகவும் ஒருமுறையேனும் நடித்தல் வேண்டும். உவர்மண் பொதியைத் தோளிற் சுமந்தவனுக்கே அக்கதையின் பாதி விளங்கும்.

இரண்டாவது, வணக்கத்தோடு திரையை விழவிடாதொழிக. அடுத்து நிகழ்ந்த பேச்சையும் செயலையும் நடித்த பின்னரே முடிக்க.

மூன்றாவது, பிறசமயத்தார் நாடகங்களை இகழ்தற்காகப் படிப்பிக்கற்க. வூல்சியின் இரக்கத்திலும் பெக்கெற்றின் திடுக்கத்திலும் நாம் கற்க வேண்டியன உள.

நான்காவது, கதை முடிந்தபின் பின்வருவனபோன்ற வினாக்களை எழுத்தில் விடையளிக்கக் கொடுக்க:

1. வூல்சி பதவியிலிருந்தபொழுதே தம்மை அறிந்திருப்பின் எச்செயல்களை வேறாகச் செய்திருப்பார்?

2. அசின்கோட் களத்திலே தோத்திரகீதத்தைக் கேட்டுநின்ற ஒரு கைதி யாது நினைத்திருப்பான்?

3. மெய்ப்பொருணாயனாரின் பணிவு தத்தனுக்கு எளிதாயிருந்ததோ? காரணங் கூறுக.

4. சேரமான் யானைமேல் ஏறிச் சென்றபின், அன்று மாலை அவ்வண்ணார் தம் வீட்டாருக்கு யாது சொல்லியிருப்பார்?

நான்காம் வினாவுக்கு வரும் விடைகளை ஆறுதலாக வாசிக்க. நம் வகுப்பிலே யார் எங்கே நிற்கின்றனர் என்பதைப் பிள்ளைகள் அதிலே எழுதிவிடுவர்.

ஐந்தாவது விண்ணப்பம் நமக்கும் உரியது. வகுப்பறையிலே உபாத்தியாயனும் ஓர் அரசனே. மேசையும் பிரம்பும் புள்ளியேடும் அவனது செங்கோல். பிள்ளையொன்று நமக்கு விடைதெரியாத வினாவைக் கேட்கும்பொழுது நேரம் போதாதென்று சொல்லுதல் அதிகாரம்; தெரியாதென்று சொல்லி, மறுநாட் படித்துவந்து விடை கூறுதல் பணிவு. ஓய்வுபெறும் நாள் வந்தபின் நாம் யாவரும் பணிவுடையராவோம். அது வூல்சியின் பணிவு. பிரம்பு கையிலிருக்கும்பொழுதே யானையினின்றும் இறங்குவோமாக. இறங்கியபின், தாழ்வாரத்துப் புறத்தே யாரேனும் தனியே நிற்கின்றாரோவென்று பார்த்து, பெயர் சொல்லி உள்ளே அழைப்போமாக.

சிவபெருமான் திருவருள் முன்னிற்க.